நிகர மதிப்புக் கணக்கு: சேமிப்பையும் கடனையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது எப்படி?

பல வீடுகளில் இந்த நிலையைப் பார்க்கலாம். வங்கியில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு எஃப்டி இருக்கும். ஆண்டுக்கு 7% வட்டி. அதே வீட்டில் கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் நிலுவை இருக்கும். அதற்கு மாதத்துக்கே 3.5% வட்டி. எஃப்டியைப் பற்றிக் கேட்டால், "அது சேமிப்பு, அதில் கை வைக்கக் கூடாது" என்பார்கள். கார்டைப் பற்றிக் கேட்டால், "மாதாமாதம் மினிமம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பார்கள். சேமிப்புக்கு ஒரு கணக்கு, கடனுக்கு இன்னொரு கணக்கு என்று மனதில் பிரித்து வைத்திருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் நிகர மதிப்புக் கணக்கு. உங்களிடம் இருப்பவற்றின் இன்றைய மதிப்பைக் கூட்டி, நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவதே நிகர மதிப்பு. சேமித்த ரூபாயையும் கடனின் அசலில் கட்டிய ரூபாயையும் இந்தக் கணக்கு ஒன்றாகவே பார்க்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து எஃப்டியில் 1,000 ரூபாய் போட்டாலும் நிகர மதிப்பு 1,000 கூடும், கடன் அசலில் 1,000 ரூபாய் கட்டினாலும் அதே 1,000 கூடும். ஆகவே "சேமிப்பதா, கடனை அடைப்பதா" என்ற பழைய தகராறு இரண்டு கேள்விகளாகச் சுருங்கிவிடுகிறது. எந்த வட்டி பெரியது? அவசரத்துக்கு எவ்வளவு பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்?

கீழே வருவது தமிழ்நாட்டில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கணக்குக்காகக் கோவையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து பிடித்தம் போகக் கைக்கு வருவது 85,000 ரூபாய்.

படி 1: தேதியும் தாளும்

மாதத்துக்கு ஒரு முறை, ஒரே தேதியில் எழுதுங்கள். சம்பளம் 1ஆம் தேதி, இஎம்ஐ 5ஆம் தேதி என்றால் 10ஆம் தேதி சரியாக இருக்கும். சம்பளம் வந்த அன்றே எழுதினால் வங்கி இருப்பு பொய்யாகப் பெரிதாகத் தெரியும். தினமும் பார்ப்பது வேண்டாம். பங்குச்சந்தை ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் கெடுவதைத் தவிர அதில் பலன் இல்லை.

கூகுள் ஷீட், எக்செல், நாற்பது பக்க நோட்டு எதுவானாலும் சரி. இதற்கென்று ஒரு செயலியை நிறுவி, அதற்கு எல்லா வங்கிக் கணக்குகளையும் பார்க்கும் அனுமதி கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையால் எழுதும்போதுதான் "இந்தக் கடன் இன்னுமா ஓடுகிறது?" என்று உறைக்கும்.

கணவன் மனைவி இருவரும் ஒரே தாளில் எழுதலாம். ஆனால் "யார் பெயரில்" என்று ஒரு பத்தி தனியாக இருக்கட்டும். வரியும் நாமினியும் பெயரை வைத்துத்தான் நடக்கும். கல்யாணத்தில் மனைவிக்குப் போட்ட நகை சட்டப்படியும் அவருடைய சொத்துதான், அதை அவர் பெயரிலேயே எழுதுங்கள். அப்பா பெயரில் இருக்கும் வீடு, பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் இரண்டும் இந்தத் தாளுக்கு வரக் கூடாது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி உங்கள் பங்கு உங்கள் பெயருக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

படி 2: சொத்துப் பக்கம்

இங்கே ஒரே விதிதான்: இன்றைக்கு விற்றால் அல்லது எடுத்தால் கையில் என்ன வரும்? வாங்கிய விலையோ, பத்து வருடம் கழித்து வரும் என்று ஏஜென்ட் சொன்ன தொகையோ இங்கே செல்லாது.

வங்கி இருப்பும் எஃப்டியும் எளிது, செயலியில் தெரிவதை எழுதினால் போதும். மியூச்சுவல் ஃபண்டும் பங்கும் இருந்தால், முதலீடுகளை மின்னணுக் கணக்கில் வைத்திருக்கும் நிறுவனங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

பி.எஃப்.புக்கு உங்கள் யூஏஎன் எண்ணை (பி.எஃப். உறுப்பினர் எண்) வைத்து பாஸ்புக்கைப் பாருங்கள், அரசின் உமங் செயலியிலும் கிடைக்கும். அதில் உங்கள் பங்கு, நிறுவனத்தின் பங்கு, பென்ஷன் பங்களிப்பு என மூன்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டை மட்டும் கூட்டுங்கள். நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33% (இரண்டும் சம்பளத்தின் சதவீதம்), அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். பிற்காலத்தில் மாத ஓய்வூதியமாக வரவேண்டிய அதை இன்றைய சொத்தாகக் கணக்கிட முடியாது. பி.எஃப். வட்டி ஆண்டுக்கு ஒரு முறைதான் பாஸ்புக்கில் ஏறும். அந்த மாதம் தொகை திடீரென்று கூடினால் வட்டி வரவு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தங்கத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் மிகப் பெரிய தொகை, தப்பாக எழுதப்படுவதும் இதுதான். 15 சவரன் நகை என்றால் 120 கிராம். அதில் கல்லும் அரக்கும் எவ்வளவு என்று பில்லைப் பாருங்கள். பழைய ஆரம், கல் வைத்த ஜிமிக்கி, பதக்கம் எல்லாம் சேர்ந்தால் ஐந்தாறு கிராம் சுலபமாகக் கழியும். மீதி 114 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், 3% ஜிஎஸ்டி எதுவும் விற்கும்போது திரும்பி வராது. 916 முத்திரை இல்லாத பழைய நகையாக இருந்தால் உருக்கி மாற்றுப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். எனவே 22 காரட்டின் அன்றைய விலையால் பெருக்கி, அதிலிருந்து நான்கைந்து சதவீதம் கழித்து எழுதுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்கிறேன். 11,40,000 வரும், கழிவு போக 10,90,000 என்று எழுதலாம். தாலியையும் அன்றாடம் போட்டிருக்கும் சங்கிலியையும் விற்கப்போவதில்லை என்றால் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

ஆயுள் காப்பீட்டில் பத்திரத்தில் அச்சாகியிருக்கும் காப்பீட்டுத் தொகையை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது நீங்கள் இல்லாவிட்டால் வருவது, அல்லது முதிர்வில் வருவது. இன்றைய மதிப்பு, பாலிசியை இன்றே முடித்துக்கொண்டால் கிடைக்கும் சரண்டர் தொகைதான். எல்ஐசி கிளையிலோ அவர்களின் இணையதளத்திலோ கேட்டால் சொல்வார்கள். கட்டிய பிரீமியத்தைவிட அது குறைவாக இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், ஆரம்ப ஆண்டுகளில் அப்படித்தான் இருக்கும். இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி அவசியமானது, ஆனால் இந்தத் தாளில் அதன் மதிப்பு பூஜ்யம்.

வீட்டு அட்வான்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் இருக்கும் அந்த 75,000 உங்கள் பணம். ஒத்திக்கு இருந்தால் ஒத்திப் பணம் முழுவதும் உங்கள் சொத்துதான். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது உங்கள் பகுதியில் வழக்கம் என்றால் அதைக் கழித்து எழுதுங்கள்.

மனை இருந்தால் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பையும், பக்கத்து மனை உண்மையில் கைமாறிய விலையையும் விசாரித்து, இரண்டில் குறைந்ததை எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மாற்றுங்கள். புரோக்கர் சொல்லும் விலையில் மாதாமாதம் ஏற்றினால் தாள் முழுக்கக் கற்பனையாகிவிடும். இருசக்கர வாகனத்துக்கு இன்று கைமாற்றினால் வரும் தொகை போதும். டிவி, பிரிட்ஜ், சோபா எதுவும் வேண்டாம்.

நீங்கள் கைமாற்றாகக் கொடுத்த பணம்? திரும்ப வரும் தேதி தெரிந்தால் எழுதுங்கள். "கொடுப்பார், கொடுப்பார்" என்ற நிலையில் இருந்தால் பூஜ்யம் போட்டுவிட்டு, வந்தால் சந்தோஷப்படுங்கள். மொய் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் நோட்டு என்பது கிட்டத்தட்ட வரவு செலவுப் பேரேடு. செய்த மொய் திரும்ப வரும், வாங்கிய மொய்யைத் திரும்பச் செய்தாக வேண்டும். ஆனால் எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாததால் இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். வரப்போகும் ஆவணி, தை மாதங்களில் எத்தனை விசேஷம் என்று பார்த்து, அதைச் செலவுத் திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கடன் பக்கம்

ஒவ்வொரு கடனுக்கும் நான்கு விவரம் வேண்டும்: இன்றைய நிலுவை, ஆண்டு வட்டி, மாதத் தவணை, மீதி மாதங்கள்.

நிலுவை என்பது மிச்சமுள்ள அசல். இஎம்ஐயை மீதி மாதங்களால் பெருக்கி எழுதாதீர்கள். இன்னும் ஓடாத மாதங்களின் வட்டியையும் அது இன்றைய கடனாக்கிவிடும். 30 லட்சம் வீட்டுக் கடன், 8.5%, 20 ஆண்டு என்றால் இஎம்ஐ சுமார் 26,035. பெருக்கினால் 62 லட்சத்தைத் தாண்டும். ஆனால் நாளைக்கே அடைக்கப் போனால் வங்கி கேட்பது அசலையும் அன்றுவரையிலான வட்டியையும்தான்.

ஏலச்சீட்டுக்கு மட்டும் இந்த விதி மாறும். சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், கட்டிய தொகை உங்கள் சொத்து. எடுத்துவிட்டீர்கள் என்றால், மீதித் தவணைகள் உங்கள் கடன். மாதம் 5,000 வீதம் 20 மாதச் சீட்டு, 8ஆவது மாதம் எடுத்தாகிவிட்டது என்றால் மிச்சம் 12 தவணை, 60,000 ரூபாய் கடன். கழிவு போக உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் கட்டுவீர்கள், ஆனாலும் கூடுதல் தொகையை எழுதிவைப்பதே பத்திரம். சீட்டு எடுத்த மாதம் கையில் பணம் புரளும்போது வசதி கூடியதுபோல இருக்கும். தாளில் பார்த்தால் நிகர மதிப்பு கூடியிருக்காது. தள்ளி எடுத்த தொகை அளவுக்குக் குறைந்துகூட இருக்கும்.

நகைக் கடனில் அடகு வைத்த நகையைச் சொத்துப் பக்கத்திலிருந்து நீக்க வேண்டாம். நகை அங்கே முழு மதிப்பில் இருக்கட்டும், கடன் இங்கே வரட்டும். வருடக் கடைசியில் மொத்தமாக வட்டி கட்டித் திருப்புகிற வகைக் கடன் என்றால், ஓடிய வட்டியையும் மாதாமாதம் கூட்டி எழுதுங்கள். 9.5 சதவீதத்தில் 1,50,000 ரூபாய்க்கு மாதம் ஏறத்தாழ 1,190 ரூபாய் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

வட்டிப் பத்தியில் எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். இல்லையென்றால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது.

"ரெண்டு வட்டி" என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24%. மூணு வட்டி 36%. கார்டின் 3.5% ஆண்டுக்கு 42%, அந்த வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி வேறு. தண்டலில் 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால், ஆண்டு வட்டிக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டும். முழுப் பணமும் 100 நாள் உங்களிடம் இருப்பதில்லை அல்லவா, முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. பைக் கடனில் "வெறும் 10% தான் சார்" என்று ஷோரூமில் சொல்வதும் இதே வித்தைதான். அது ஃபிளாட் ரேட், அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி. 1 லட்சத்துக்கு மூன்று ஆண்டில் 30,000 வட்டி, இஎம்ஐ 3,611. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 18%.

உறவினர் கொடுத்த வட்டியில்லாக் கடனையும் எழுதுங்கள். வட்டிப் பத்தியில் பூஜ்யம், ஆனால் தேதிப் பத்தியைக் காலியாக விடக் கூடாது.

படி 4: கூட்டிக் கழித்தல்

கோவைத் தம்பதியின் தாள் இப்படி இருக்கிறது.

சொத்து:
வங்கி இருப்பு: 62,000
எஃப்டி: 1,50,000
பி.எஃப். (இருவரும்): 4,80,000
மியூச்சுவல் ஃபண்ட்: 2,10,000
தங்கம்: 10,90,000
எல்ஐசி சரண்டர் மதிப்பு: 1,15,000
வீட்டு அட்வான்ஸ்: 75,000
பைக்: 40,000
மொத்தம்: 22,22,000

கடன்:
பர்சனல் லோன் (14%, மாதம் 11,620): 3,40,000
நகைக் கடன் (9.5%): 1,50,000
மச்சான் கொடுத்தது (வட்டி இல்லை): 1,00,000
எடுத்த சீட்டு (மாதம் 5,000): 60,000
கிரெடிட் கார்டு (42%): 48,000
பைக் கடன் (உண்மையில் 18%, மாதம் 3,611): 32,000
மொத்தம்: 7,30,000

நிகர மதிப்பு: 14,92,000 ரூபாய்.

முதல் முறை எழுதும்போது சிலருக்கு மைனஸில் வரும். கல்விக் கடனோடு வேலைக்குச் சேர்ந்தவர், தங்கை கல்யாணத்தை முடித்து வைத்தவர், ஆஸ்பத்திரிச் செலவில் மாட்டியவர் எல்லோருக்கும் அது சகஜம். அடுத்த மாதம் அந்த மைனஸ் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 5: இரண்டாவது எண்

14,92,000 என்று பார்த்ததும் தெம்பாக இருக்கிறது. ஆனால் நாளை காலை ஒருவருக்கு வேலை போனால் எவ்வளவு எடுக்க முடியும்? பி.எஃப். பணம் உடனே கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. நகையில் ஒரு பகுதி ஏற்கெனவே அடகில். அதனால் நிகர மதிப்புக்குக் கீழே இன்னொரு எண்ணையும் எழுத வேண்டும்: இரண்டு நாளில் கைக்கு வரக்கூடிய பணம். இந்த வீட்டில் அது வங்கி இருப்பும் எஃப்டியும் மட்டும், 2,12,000.

மாதம் தவிர்க்கவே முடியாத வெளிச்செலவு எவ்வளவு? வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம், நகைக் கடன் வட்டி எல்லாம் 45,000. இரண்டு இஎம்ஐயும் சீட்டும் சேர்ந்து சுமார் 20,200. ஆக 65,000 ரூபாய். இஎம்ஐயைச் சேர்க்காமல் அவசர நிதியைக் கணக்கிடும் வழக்கம் ஒன்று உண்டு. வேலை போன மாதமும் 5ஆம் தேதி இஎம்ஐ போகத்தான் போகிறது என்பதால் அது எனக்கு உடன்பாடில்லை.

படி 6: மிஞ்சுவதை எங்கே போடுவது?

முதலில் அந்தக் கார்டு. எஃப்டியில் 48,000 எடுத்து இன்றே முழுதாக அடைக்க வேண்டும். அடைத்த நாளில் நிகர மதிப்பு ஒரு ரூபாய்கூட மாறாது. சொத்தில் 48,000 குறையும், கடனிலும் 48,000 குறையும். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து வட்டி 1,680, அதன் மேல் ஜிஎஸ்டி 302, ஆக 1,982 ரூபாய் வெளியே போவது நிற்கும். அந்த 48,000 எஃப்டியில் இருந்து மாதம் சம்பாதித்துக் கொடுத்தது 280 ரூபாய். எஃப்டியை முன்கூட்டி உடைத்தால் வட்டி கொஞ்சம் குறைப்பார்கள், குறைக்கட்டும். நிலுவை இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், பாதி மட்டும் அடைத்து நிறுத்துவது போதாது.

இப்போது கைக்கெட்டும் பணம் 1,64,000. இரண்டரை மாதத்துக்கு வரும். இருவரும் சம்பாதிக்கும் வீட்டுக்கு நான்கு மாதம், அதாவது 2,60,000, இலக்காக வைக்கலாம். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் ஆறு மாதம் வேண்டும்.

85,000 வருமானத்தில் 65,000 போய், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபி 3,000 போய், 16,000 முதல் 17,000 வரை மிஞ்சுகிறது. 16,000 என்று வைத்துக்கொள்வோம். கணிதப்படி அடுத்த எதிரி பைக் கடன், அதற்கடுத்து பர்சனல் லோன். ஆனால் பைக் கடன் பத்தே மாதத்தில் தானாக முடிகிறது, முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்பார்கள், அதை விட்டுவிடலாம். பர்சனல் லோனில் பகுதி அசல் கட்ட அனுமதி உண்டா, எத்தனை தவணைக்குப் பிறகு, கட்டணம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்களை எடுத்துப் படியுங்கள்.

மச்சானின் ஒரு லட்சத்துக்கு வட்டி இல்லை. எந்தப் பாடப் புத்தகமும் அதைக் கடைசியில்தான் வைக்கும். ஆனால் வரும் ஆவணியில் அவர் மகள் கல்யாணம், இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்றால், வரிசையில் முதலாவது அதுதான். அந்த நேரத்தில் கொடுக்க முடியாமல் போனால் நகையை வைத்தோ ரெண்டு வட்டிக்கு வாங்கியோ கொடுக்கத்தான் போகிறீர்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் உறவில் வரும். எனவே 16,000 இப்படிப் பிரிகிறது: 10,000 பத்து மாத ஆர்.டி.யில் (மாதத் தொடர் வைப்பு), 6,000 அவசர நிதியில். ஆர்.டி. பணமும் நடுவில் அவசரம் வந்தால் எடுக்கக் கூடியதுதான். பத்தாவது மாதம் மச்சான் கணக்கு முடியும்போது பைக் கடனும் முடிந்திருக்கும், இரண்டு மாதம் கழித்துச் சீட்டும் முடியும். அப்போது விடுபடும் 10,000, 3,611, 5,000 மூன்றையும் அப்படியே பர்சனல் லோன் பக்கம் திருப்ப வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். ஒரு இஎம்ஐ முடிந்த மாதமே ஒரு புது போன் "நோ காஸ்ட் இஎம்ஐ"யில் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும்.

எஸ்ஐபியை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். கையில் 24 சதவீதத்துக்கு மேலான கடன் இருந்தால் நிறுத்துங்கள். எந்த ஃபண்டும் அந்த வட்டியை ஆண்டுதோறும் நிச்சயமாகத் தராது. 14% கடனோடு 3,000 ரூபாய் எஸ்ஐபி ஓடுவதைக் கணக்கு ஆதரிக்காது, ஆனாலும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க நான் ஓட விடுவேன். அதை ஏற்றுவது மட்டும் கடன் முடிந்த பிறகு.

படி 7: மாதாமாதம், கூடியது யாரால்?

இரண்டாவது மாதம் அதே தாளை மறுபடி எழுதுகிறார்கள். நிகர மதிப்பு 15,38,000. ஒரே மாதத்தில் 46,000 ஏற்றம்! இங்கே நிறுத்தாமல் பிரித்துப் பாருங்கள்.

தங்கம் கிராமுக்கு 250 ரூபாய் ஏறியதால் வந்தது 28,500. ஃபண்டின் மதிப்பு ஏறியது 2,700. இரண்டும் சேர்த்து 31,200, இது விலையின் வேலை.

பி.எஃப். பங்களிப்பு 7,000. பர்சனல் லோன், பைக் கடன் அசலும் சீட்டுத் தவணையும் 15,800. எஸ்ஐபி 3,000. கைக்கெட்டும் பணத்தில் 16,000 கூடியிருக்க வேண்டும், ஆனால் அக்கா மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் 27,000 போனதால் 11,000 குறைந்துவிட்டது. எல்லாம் கூட்டிக் கழித்தால் 14,800, இதுதான் இவர்கள் செய்த வேலை.

தாளில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வரி வைத்துக்கொள்ளுங்கள். நகை விலை ஏறிய மாதத்தில் பணக்காரராகிவிட்டதுபோலத் தோன்றும், அந்தத் தைரியத்தில் கார் லோன் எடுத்தவர்கள் உண்டு. தங்கம் இறங்கும் மாதத்தில், எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், மொத்த எண் இறங்கி மனதைச் சோர்வாக்கும். விலை உங்கள் கையில் இல்லை. ஆண்டு முடிவில் "செய்த வேலை" வரியை மட்டும் கூட்டி, அந்த ஆண்டின் கைக்கு வந்த சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வீட்டில் சீர் இல்லாத சாதாரண மாதத்தில் அது 41,800, சீர் செய்த மாதத்தில் 14,800. ஆண்டுக்கு எத்தனை சீர் தாங்கும் என்று பேசுவதற்குக் கணவன் மனைவிக்கு ஒரு கணக்குக் கிடைக்கிறது.

படி 8: வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு

வீட்டுக் கடன் நீண்ட கடன், வட்டி குறைந்த கடன். ஆரம்ப ஆண்டுகளில் நிகர மதிப்பு அசைவதே தெரியாது. மேலே சொன்ன 30 லட்சம் கடனில் முதல் மாதம் கட்டும் 26,035 ரூபாயில் 21,250 வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 4,785 மட்டும்.

ஆண்டுக்கு ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினால் 20 ஆண்டுக் கடன் சுமார் 40 மாதம் முன்னதாக முடியும், வட்டியில் 6 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர்கள் முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கூடுதலாகக் கட்டும்போது இஎம்ஐயைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள். வருமானம் நிலையாக இருந்தால் காலத்தைக் குறையுங்கள்.

எஃப்டியில் போடுவதா, வீட்டுக் கடனில் கட்டுவதா? வரி கழித்த பிறகு ஒப்பிடுங்கள். 30% வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து 31.2% போக, 7% எஃப்டி கையில் தருவது சுமார் 4.8%. 8.5% கடனை அடைப்பது 8.5% மிச்சம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறைக்கு மாறியவர்கள் வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கிறோம் என்று சொல்ல முடியாது. அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப். 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. வரி இல்லை என்பதால் அது எஃப்டியைவிட நல்ல போட்டியாளர், ஆனால் 15 ஆண்டு முடக்கம்.

இன்னொன்று, "மீதி மாதங்கள்" பத்தியில் ஒரு கண் இருக்கட்டும். ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) ஏறும்போது இஎம்ஐ மாறாமல் காலம் மட்டும் நீண்டுவிடும். போன மாதம் 212 என்றிருந்தது இந்த மாதம் 230 என்று மாறியிருந்தால் வங்கிக்குப் போங்கள். இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

படி 9: ஆண்டுக்கு ஒரு முறை

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல் மற்றவற்றையும் எடுத்து, அதிலுள்ள கடன்களை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். நீங்கள் மறந்துபோன பழைய கார்டு, நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அங்கே தெரியும். ஜாமீன் தொகையைக் கடன் பக்கத்தில் கூட்ட வேண்டாம், ஆனால் தாளின் அடியில் ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள்.

ஒரு வங்கியில் வைப்புத் தொகை 5 லட்சத்தைத் தாண்டினால், வைப்புக் காப்பீடு வங்கி ஒன்றுக்கு ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் என்பதையும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். நாமினி பெயர் இல்லாத கணக்குகளை அதே நாளில் சரிசெய்துவிடலாம்.

கடைசித் தவணை கட்டிய அன்றே அந்தக் கடன் வரியை அடித்துவிடாதீர்கள். நிலுவை இல்லை என்ற சான்று கைக்கு வரட்டும். பைக், கார் என்றால் ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்க வேண்டும். வீட்டுக் கடன் என்றால், முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தபிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணத்துக்கு ரசீது ஆவணம் பதிந்து ரத்து செய்ய வேண்டும். அது முடிந்ததும் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். அதில் ரத்தான பதிவு ஏறியிருந்தால், தாளில் அந்த வரியை அடித்துவிடலாம்.